அலைவெளியின் எல்மர்கள்

அமெச்சூர் வானொலியாளரை உலகெங்கும் 'ஹாம்' என்று அழைக்கின்றனர். இன்று அவர்கள் பெருமையுடன் சூடிக்கொள்ளும் இப்பெயர், பிறப்பில் ஒரு வசைச்சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கத் தந்தி நிலையங்களில், கை பழகாமல் தட்டுத்தடுமாறிச் செய்தி அனுப்பும் கற்றுக்குட்டியைத் தேர்ந்த தந்தியாளர்கள் ஏளனமாக அழைத்த பெயர் அது. கம்பியில்லாத் தந்தி வந்தபோது, கப்பல்களிலும் கரையோர நிலையங்களிலும் ஊதியத்திற்குப் பணியாற்றியோர், வீட்டில் தாமே கருவி செய்து அதே அலைவெளியில் புகுந்த இளைஞர்களை நோக்கி அச்சொல்லை வீசினர். வீசப்பட்ட கல்லையே எடுத்து வாசற்படியாக்கிக் கொண்டார்கள் அந்த இளைஞர்கள். இவ்வாறு இகழப்பட்டவர்கள், தமக்குப் பின் வந்தோரை எவ்வாறு நடத்தினார்கள் என்பதே நாம் இங்கே காண விழைவது.

1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவரும், கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரும் சேர்ந்து அமெரிக்க வானொலி அஞ்சல் கழகத்தை நிறுவினர். மாக்சிமுக்கு அப்போது வயது 44. டஸ்காவோ மீசை அரும்பும் பருவத்தினர். நெடுந்தொலைவு எட்டாத செய்தியை ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கிக் கைமாற்றிச் சேர்ப்பதே கழகத்தின் நோக்கம். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் செய்தி நடுவழியில் மாண்டுபோகும். அக்காலத் தீப்பொறிக் கருவிகளோ அலைவெளியில் அகலமாகப் பரவி அண்டை வீட்டார் அனைவரின் காதையும் அடைக்கவல்லவை. ஆகவே பொறுப்பற்ற ஒருவரின் கை, ஊர் முழுவதற்கும் இடையூறாயிற்று.

கழகத்தின் இதழ் 1915 டிசம்பரில் வெளிவரத் தொடங்கியது. அதில் 'கிழவர்' என்ற புனைபெயரில் ஒருவர், அலைவெளியில் எல்லாமே அழுகிப்போய்விட்டதென்று நகைச்சுவையுடன் பொரிந்து தள்ளினார். ஒழுங்கற்ற இயக்குநர்களைத் தண்டிக்க 'வூஃப் ஹாங்' என்றொரு கருவி உண்டென்றும் அவர் மிரட்டினார். முதல் உலகப்போருக்குப் பின் அப்படியொரு கருவியே கழகத்திற்கு வந்து சேர்ந்தது. இரண்டு மரத்துண்டுகளைக் கம்பியால் சுற்றிய அவலட்சணமான அப்பொருளைத் தலைமையகத்தில் மாட்டி வைத்தனர். அந்தக் கிழவர் மாக்சிமே என்பது 1936இல் அவர் இறந்த பின்னரே வாசகர்களுக்குத் தெரியவந்தது. அவருடைய சினத்தை நாம் குறைகூற மாட்டோம். அவர் திட்டியது அலட்சியத்தை, அறியாமையை அன்று. ஆனால் நகைச்சுவை கைமாறும்போது கூர்மை மட்டும் மிஞ்சுவதுண்டு. கிழவரின் அன்பு இல்லாமலே அவருடைய தடியை ஏந்தியவர்கள் பின்னாளில் பலர்.

1928இல் பால் சீகல் என்ற வழக்கறிஞர் அமெச்சூர்களுக்கென நன்னெறிக் கோவை ஒன்றை எழுதினார். தோழமை என்பதற்கு அவர் தந்த விளக்கம் நம் கவனத்திற்குரியது. கேட்டுக்கொண்டால் பொறுமையோடு மெதுவாக இயக்குவதும், புதியவருக்கு நட்புடன் அறிவுரை கூறுவதும் அதில் அடங்கும். புதியவரைத் தாங்குவது பெருந்தன்மையாக அன்றி, கடமையாகவே அங்கு வைக்கப்பட்டது. இதனோடு ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தந்தி மரபிலே எதிர்முனையில் இருப்பவரை 'ஓ.எம்.' என்று விளிப்பர். 'ஓல்டு மேன்' என்பதன் சுருக்கம் அது. நம் பேச்சில் 'பெரியவரே' எனலாம். பதினான்கு வயதுப் பையன் நடுங்கும் விரல்களோடு முதன்முதலாய் அழைத்தாலும், மறுமொழியில் அவனும் பெரியவரே!

1951இல் அமெரிக்க அரசு புதியவர்க்கென 'நாவிஸ்' உரிமம் கொண்டுவந்தது. நிமிடத்திற்கு 5 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்தால் போதும். ஆற்றல் 75 வாட்டுக்கு மிகலாகாது, ஓராண்டே செல்லும், புதுப்பிக்க இயலாது. அதற்குள் தேர்ச்சிபெற்று மேலே ஏற வேண்டும். பின்னர் இத்தேர்வை மூத்த அமெச்சூர் ஒருவரே நடத்தும் முறையும் வந்தது. ஆக, வாயிற்காவலரும் வழிகாட்டியும் ஒருவரே ஆயினர்.

அந்த வழிகாட்டிக்கு வெகுநாள் பெயரில்லை. 1971 மார்ச் மாதம் கழக இதழில் ராட் நியூகிர்க், தம் தொலைதொடர்புப் பத்தியில், எல்மர் ஃப்ரோஹார்ட் என்பவரைப் போற்றும் வகையில் அத்தகையோரை 'எல்மர்கள்' என்று குறிப்பிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. இன்று "உன் எல்மர் யார்?" என்று ஒரு ஹாமைக் கேட்டால் தயங்காமல் விடை வரும். சாலிடர் வைக்கக் கற்றுத் தந்தவர், ஆன்டெனா கட்டக் கூரைமேல் ஏறியவர், பழைய வாங்கியை இரவலாகக் கொடுத்துத் திருப்பிக் கேட்காமல் விட்டவர் என அவ்விடை நீளும்.

எனினும் கசப்பும் வளர்ந்தே வந்தது. 1991 பிப்ரவரியில் மோர்ஸ் தேர்வின்றியே 'டெக்னீஷியன்' உரிமம் பெறலாம் என்றானபோது, மூத்தோர் பலர் கொதித்தனர். "நாங்கள் பட்ட பாட்டை இவர்கள் பட வேண்டாமா?" என்பதே அவர்கள் குரலின் சாரம். அவ்வாறு வந்தோர்க்குக் கிடைத்தவை 30 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளே. மூத்தோர் கண்டங்களைக் கடந்து உறவாடிய குற்றலைகளில் அவர்கள் கால் வைக்கவில்லை. ஆயினும் அரைகுறை ஹாம் என்ற ஏளனம் அவர்கள்மீது விழுந்தது. நூறாண்டுக்கு முந்திய வசைச்சொல் வேறு உருவில் திரும்பிவிட்டதன்றோ! மூத்தோர் வாதத்தில் உண்மையே இல்லை என்போமல்லோம். குறைந்த ஆற்றலில், எளிய கருவியில், இரைச்சலைத் துளைத்துச் செல்லும் மோர்ஸின் வலிமை மெய். ஆனால் ஒரு கலையின் சிறப்பு வேறு, அதை வேலியாக்குவது வேறு. பட்ட துன்பத்தையே தகுதியாகக் கருதத் தொடங்கினால், கற்பிக்கும் மனம் வற்றிவிடுகிறது.

2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, மோர்ஸ் தேர்வைக் கட்டாயமாக்கிய பன்னாட்டு விதியை நீக்கியது. அமெரிக்காவில் 2007 பிப்ரவரி 23 முதல் அத்தேர்வு முற்றிலும் ஒழிந்தது. மோர்ஸ் அத்தோடு மடியும் என்றனர் சிலர். நடந்தது வேறு. கட்டாயம் நீங்கிய பின், விரும்பியே கற்க வந்தனர் பலர், 'சி.டபிள்யூ. ஆப்ஸ்' என்ற சங்கத்தார் கட்டணமின்றி வகுப்புகள் நடத்தலாயினர். 'கியூ.ஆர்.எஸ்.' என்று புதியவர் தட்டினால், மெதுவாக அனுப்புக என்று பொருள். வேகத்திற்குப் பெயர்பெற்ற கையும் அதைக் கேட்டதும் தளர்ந்து, எதிராளியின் நடைக்கு இறங்கி வருவது இன்றும் மாறாத மரபு.

வூஃப் ஹாங்கைக் காட்டி மிரட்டிய மாக்சிமின் அழைப்புக்குறி, அவர் மறைவுக்குப் பின் கழகத்தின் நிலையத்திற்கே வழங்கப்பட்டது. கனெக்டிகட் மாநிலத்து நியூவிங்டனில் உள்ள அந்நிலையம், கற்போர்க்கென மோர்ஸ் பயிற்சியை ஒலிபரப்பி வருகிறது. அதன் மெதுவான பாடம் நிமிடத்திற்கு 5 சொல் வேகத்தில் தொடங்குகிறது.