கல்லூரி மாணவர் உடல்நலத் தேவை மதிப்பீடு

கல்லூரியோ பல்கலைக்கழகமோ தன் மாணவர்களுக்கான நலத்திட்டத்தை வகுக்கும் முன், அவர்களுடைய உடல், மன நலத் தேவைகளைக் கேட்டும் அளந்தும் அறிகிற பணி உடல்நலத் தேவை மதிப்பீடு எனப்படுகிறது. வளாக மருத்துவமனையின் புறநோயாளிப் பதிவேட்டைப் புரட்டினால் இந்தத் தேவைகள் தெரிந்துவிடும் என்று நிர்வாகங்கள் எண்ணுவது வழக்கம். ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் வந்தவர்கள் மட்டுமே. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வரும் மாணவர், பல வாரங்களாகத் தூக்கமில்லை என்பதற்காக வருவதில்லை. மாதக் கடைசியில் இரவு உணவைத் தவிர்ப்பவரின் பெயரும் அதில் ஏறுவதில்லை. வராதவர்களின் நிலையை அறிவதற்காகவே தனி மதிப்பீடு தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் இதன் தொடக்கத்தை மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் காணலாம். படிப்புச் சுமையால் மாணவர்களின் உடல்நலம் கெடுகிறது என்ற கவலையால் அக்கல்லூரி உடல்நலத்துக்கும் உடற்பயிற்சிக்கும் ஒரு துறையை ஏற்படுத்தியது. 1861இல் அதன் பேராசிரியரான மருத்துவர் எட்வர்ட் ஹிட்ச்காக், மாணவர்களின் உயரம், எடை முதலியவற்றை ஆண்டுதோறும் அளந்து பதிந்தார். 1911இல் இறக்கும்வரை அக்கல்லூரியுடன் இணைந்திருந்தார். அமெரிக்கக் கல்லூரி உடல்நலச் சங்கத்தின் முன்னோடி அமைப்பு 1920இல் உருவானது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1995இல் கல்லூரி மாணவர்களின் ஆபத்தான பழக்கங்களைப் பற்றி நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதன்பின் மேற்சொன்ன சங்கம் 2000இல் தேசியக் கல்லூரி உடல்நல மதிப்பீட்டைத் தொடங்கியது. 2008, 2019 ஆகிய ஆண்டுகளில் அதன் வினாநிரல் திருத்தி அமைக்கப்பட்டது.

இந்த வினாநிரல் உணவு, தூக்கம், மது, புகை, பாலியல் நலம், வன்முறை, தனிமை, மனத்துயரம் எனப் பரந்து செல்கிறது. போதிய உணவு கிடைக்கிறதா என்றும் மூன்றாம் பதிப்பு கேட்கிறது. கல்லூரி நிர்வாகங்களின் கவனத்தை மிகவும் ஈர்த்த பகுதி வேறு: கடந்த 12 மாதங்களில் எந்தச் சிக்கல் உங்கள் படிப்பைப் பாதித்தது என்ற கேள்வி. விடைகளில் மன அழுத்தம், பதற்றம், தூக்கக் கோளாறு ஆகியவை தொடர்ந்து முன்வரிசையில் நிற்கின்றன. உடல்நலத்துக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் நிர்வாகமும் மதிப்பெண் குறைகிறது என்றால் காது கொடுக்கும். ஆகவே இந்த ஒரு கேள்வி பல திட்டங்களுக்கு வழி திறந்தது.

மாணவர் தம்மைப் பற்றிச் சொல்வதோடு, சக மாணவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதும் முக்கியம். நியூயார்க் மாநிலத்தின் ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரிகளில் வெஸ்லி பெர்கின்ஸும் ஆலன் பெர்கோவிட்ஸும் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. சக மாணவர்கள் மது விஷயத்தில் எவ்வளவு தாராள மனப்பான்மை உள்ளவர்கள் என்பதை மாணவர்கள் மிகையாகவே மதிப்பிடுகிறார்கள் என்று அது காட்டியது. எல்லாரும் குடிக்கிறார்கள் என்ற தவறான எண்ணமே குடிக்கத் தூண்டக்கூடும். இதன்படி, மதுவின் கேட்டைச் சொல்லிப் பயமுறுத்துவதற்குப் பதிலாக, பெரும்பாலோரின் உண்மையான பழக்கத்தை வளாகத்தில் எடுத்துச் சொல்லும் திட்டங்கள் பிறந்தன. அவை பயன் தந்த இடங்களும் உண்டு, தராத இடங்களும் உண்டு.

தேவை என்பது ஒரே பொருள் தரும் சொல் அன்று. பிரிட்டனின் சமூகக் கொள்கை ஆய்வாளர் ஜோனதன் பிராட்ஷா 1972இல் அதை நான்காகப் பிரித்தார்: வல்லுநர் வரையறுப்பது, உரியவர் உணர்வது, அவர் வாய்விட்டுக் கேட்பது, பிறரோடு ஒப்பிடும்போது தெரிவது. விடுதிக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, அதனால் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஒரு மாணவி நினைத்தால், அது உணர்ந்த தேவை. அவர் அதை எங்கும் சொல்லாதவரை கேட்ட தேவை ஆகாது. அச்சிட்ட வினாநிரல் இத்தகைய தேவையைத் தவறவிடக்கூடும். எனவே எண்களைத் திரட்டும் கணக்கெடுப்போடு, ஆண்கள், பெண்கள், விடுதியில் இருப்போர், தினமும் பேருந்தில் வந்து போவோர் எனத் தனித்தனிச் சிறு குழுக்களாக உட்கார்த்திப் பேசுவதும் வேண்டும்.

கணக்கெடுப்பைப் பொறுத்தவரை, 4,000 மாணவர் படிக்கும் கல்லூரியில் 5 விழுக்காட்டுப் பிழை வரம்புக்கு ஏறத்தாழ 350 பேரின் விடைகள் போதும். அவர்கள் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி, விரும்பியவர் நிரப்பிய 2,000 விடைகளைவிட இந்த 350 நம்பத்தக்கவை. மனச்சோர்வுக்கு 2001இல் வெளியான பிஎச்க்யூ-9 போன்ற சோதித்தறிந்த வினாநிரல்களைக் கையாள்வதே நல்லது. அதில் 27க்கு 10 அல்லது அதற்கு மேல் பெற்றவருக்குக் கூடுதல் பரிசோதனை தேவை. அவருக்கு நோய் இருப்பதாக அது முடிவு சொல்வதில்லை.

பெயர் கேட்காமல் நடத்துவது உண்மையான விடைக்கு அடிப்படை. இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரே தாளை வாங்கினால் எந்த மாணவரும் மனம் திறக்கமாட்டார். ஆனால் பெயரில்லாத கணக்கெடுப்புக்கு ஒரு பெருங்குறை உண்டு. பிஎச்க்யூ-9இன் கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. ஆம் என்று சொன்னவர் யார் என்பது தெரியாததால் அவரைத் தேடிப் போக முடியாது. உதவி எங்கே கிடைக்கும் என்பதை அதே பக்கத்தில் தெரிவிப்பதும், அன்று ஆற்றுப்படுத்துநர் வளாகத்தில் இருப்பதும் கட்டாயம். இந்தியாவில் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். இந்த ஏற்பாடு இல்லாமல் அக்கேள்வியைக் கேட்பது தவறு.

இந்தியக் கல்லூரிகள் அமெரிக்க வினாநிரலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. இதைக் கேள்வி கேட்டு அறிய இயலாது, ஹீமோகுளோபின் பரிசோதனை வேண்டும். மாணவர் மனநலம் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்றும் வழிகாட்டியது. ஆனால் ஓர் ஆற்றுப்படுத்துநரால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. தூக்கமின்மைக்குக் காரணம் அடுத்தடுத்த நாள் தேர்வு என்றால் மாற வேண்டியது தேர்வு அட்டவணை. கனடாவில் 2015இல் ஏற்கப்பட்ட ஒகனாகன் சாசனமும் நிர்வாகம், பாடத்திட்டம், வளாகச் சூழல் ஆகிய அனைத்திலும் உடல்நலத்தை இணைக்கவே சொல்கிறது.

மதிப்பீட்டின் முடிவுகளை விடையளித்த மாணவர்களுக்கே முதலில் தெரிவிக்க வேண்டும். அவற்றால் என்ன மாறப்போகிறது, எது இவ்வாண்டு முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்விகளை மீண்டும் கேட்டால்தான் திட்டம் பயன்பட்டதா என்பது தெரியும்.