திருவிதாங்கூர் அரசுப்பணி நியமனத்தில் சாதிப் பாகுபாடு

திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அரசு உத்தியோகம் கல்வியோடு பிறப்பையும் பார்த்தே வழங்கப்பட்டது. உயர்பதவிகளில் ‘பரதேசிகள்’ எனப்பட்ட வெளியூர்ப் பிராமணர்கள், அவர்களிலும் பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்கள், நிறைந்திருந்ததைக் கண்டித்து, பாரிஸ்டர் ஜி. பி. பிள்ளை முதலானோர் முன்னின்று 10,028 பேரின் கையொப்பத்துடன் 1891 ஜனவரியில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்கு அளித்த விண்ணப்பம் ‘மலையாளி மெமோரியல்’ எனப்படும். பல சமூகத்தவரும் ஒப்பமிட்டிருந்தும் அதன் பயன் பெரிதும் நாயர்களையே சேர்ந்தது. ஈழவர்களுக்குப் பங்கு கிடைக்காததற்கு, அவர்கள் குலத்தொழிலிலேயே நிறைவு காண்பவர்கள் என்று அரசு சமாதானம் கூறியது.

அந்தச் சமாதானம் எவ்வளவு பொய் என்பதற்கு, திருவனந்தபுரத்தின் பேட்டைப் பகுதியில் 1863இல் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் பல்புவே சான்று. ஈழவர் என்பதால் சொந்த சமஸ்தானத்தில் வேலை மறுக்கப்பட்ட அவர், மைசூர் அரசின் மருத்துவத் துறையில் பணியாற்றியபடியே, 13,176 பேர் ஒப்பமிட்ட ஈழவ மெமோரியலை 1896இல் அளிக்கச் செய்தார். அதற்கும் உடனடிப் பலன் இல்லை.

தடையின் வேர் நிர்வாக அமைப்பிலும் ஊன்றியிருந்தது. நிலவரி வசூலித்த வருவாய்த் துறையே தேவசுவத்தையும், அதாவது கோயில் சொத்துகளையும் பூசைச் செலவுகளையும், நிர்வகித்து வந்ததால், கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாத ஈழவர், புலையர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகியோர் அத்துறைக்கே தகுதியற்றவராகக் கருதப்பட்டனர். 1919இல் எழுந்த குடியுரிமை இயக்கத்தின் வற்புறுத்தலால், 1922இல் தேவசுவம் தனித் துறையாகப் பிரிக்கப்பட்டது. மேல்சாதியினரின் மனமாற்றத்துக்குக் காத்திராமல் செய்யப்பட்ட இப்பிரிவினை, 1936 நவம்பரில் வந்த ஆலயப் பிரவேச அறிவிப்புக்கு 14 ஆண்டுகள் முந்தியது என்பது கருதத்தக்கது.

சொத்துடையோருக்கே வாக்குரிமை தந்த 1932ஆம் ஆண்டுச் சட்டமன்றச் சீர்திருத்தத்தை ஏற்காமல் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் கூடித் தேர்தலைப் புறக்கணித்த ‘நிவர்த்தனக் கிளர்ச்சி’ வேலையிலும் பங்கு கேட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான சி. கேசவன் 1935இல் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காகச் சிறை சென்றார். இக்கிளர்ச்சியின் விளைவாக, நியமனத்தைத் துறைத் தலைவர்களின் விருப்பத்திலிருந்து விலக்கித் தனி அதிகாரியிடம் ஒப்படைக்கும் பொருட்டு, 1936இல் ஜி. டி. நோக்ஸ் பொதுப்பணி ஆணையரானார். இன்று திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் தலைமையகம் கொண்டுள்ள கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் இதுவே. அது பின்பற்றும் சுழற்சிமுறையில், இருபது இடங்களுக்கு ஒரு சுற்றாக, பொது இடமும் இடஒதுக்கீட்டு இடமும் மாறிமாறி வரும். முன்பு துறையையே மூடிவைக்கக் காரணமாயிருந்த கோயிலுக்குள் இம்மாற்றம் தாமதமாகவே எட்டியது: திருவிதாங்கூர் தேவசுவம் வாரியத்தின் அர்ச்சகர் பணிக்கு, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடத்தி, தலித்துகள் 6 பேர் உட்படப் பிராமணரல்லாதார் 36 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டது 2017இல்தான்.