சாவகத்தில் கிறித்தவம் வேரூன்றிய வரலாறு

ஒரு சமயம் ஒரு நாட்டிற்குள் புகுவது வேறு. அந்நாட்டு மண்ணில் வேரூன்றுவது வேறு. கப்பலும் காவலும் துணை நின்றால் புகுதல் எளிது. வேரூன்றுவதற்கோ அந்நாட்டு மக்களின் மொழியும் இசையும் வழக்கமும் இடங்கொடுத்தல் வேண்டும். இவ்வுண்மைக்கு நல்லதொரு சான்று, நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் சாவகத் தீவில் கிறித்தவம் வளர்ந்த வரலாறாகும். சமயங்களுள் உயர்வு தாழ்வு பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையராய் வாழும் நாட்டுப்புறத்தில் ஒரு சிறு திருச்சபை எவ்வாறு தோன்றிற்று, எவரால் வளர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஒல்லாந்தர் ஆட்சியே சாவகரைக் கிறித்தவராக்கியது என்று எண்ணுவோர் உண்டு. உண்மை இதற்கு மாறானது. 1619இல் பத்தாவியாவில் காலூன்றிய ஒல்லாந்தக் கும்பினியார் வாணிகத்தையே பெரிதாகக் கருதினர். சாவகருக்குச் சமயம் போதிப்பதில் அக்கறை காட்டினாரல்லர். அவர்களுக்குப் பின்வந்த குடியேற்ற அரசோ, அத்தகைய போதனை கலகத்தை விளைவிக்கும் என்று அஞ்சிற்று. 1825 முதல் 1830 வரை நடந்த திபோநெகோரோ போர் அவ்வச்சத்தை மிகுவித்தது. செருமானியப் போதகர் புருக்னர் என்பார் புதிய ஏற்பாட்டைச் சாவக மொழியில் பெயர்த்து, வங்காளத்துச் செராம்பூரில் அச்சிடுவித்தார். அவர் திரும்பிவந்து சாவக மொழித் துண்டு நூல்களை மக்களிடையே வழங்கத் தொடங்கியபோது, 1831இல் அரசே அவற்றைப் பறிமுதல் செய்தது. 1854இல் இயற்றப்பட்ட ஆட்சிச் சட்டமும், தனி இசைவு பெற்ற பின்னரே போதகர் பணியாற்றலாம் என்று வரையறுத்தது. ஆகவே சாவகக் கிறித்தவம் அரசின் தோட்டத்தில் நட்ட செடியன்று. வேலியோரத்தில் தானே முளைத்த செடி எனலாம்.

அதன் முதல் முளை கிழக்குச் சாவகத்தில் தோன்றிற்று. கூலன் என்பவர் உருசியத் தந்தைக்கும் சாவக உயர்குடித் தாய்க்கும் பிறந்தவர். 1827இல் அவர் ஙோரோ என்னுமிடத்தில் காடு திருத்தி ஓர் ஊரை உண்டாக்கினார். அவர் போதகர் அல்லர். எச்சங்கமும் அவரை அனுப்பவில்லை. தாயிடம் கற்ற சாவக மரபைக்கொண்டே அவர் தம் குடிகளுக்குக் கிறித்து சமயத்தை எடுத்துரைத்தார். வாயாங் என்னும் நிழற்கூத்தும் காமெலான் இசையும் அவ்வூரில் தடையின்றி நிகழ்ந்தன. விசுவாசப் பிரமாணம், முஸ்லிம்கள் திக்ரு ஓதும் முறையிலே, பலர் கூடி இசையோடு ஓதப்பட்டது. ஏர் பூட்டும் நாளில் நெல்லின் தெய்வமாகிய தேவி ஸ்ரீயின் பெயரோடு இயேசுவின் பெயரும் சொல்லப்பட்டது. ஆயினும் கூலன் எவருக்கும் திருமுழுக்கு அளிக்க உடன்படவில்லை. அச்சடங்கு சாவகரை ஒல்லாந்தராக மாற்றிவிடும் என்பது அவர் கருத்து.

அதே காலத்தில் சுராபாயா நகரில் எம்டே என்னும் செருமானியர் கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில் செய்து வாழ்ந்தார். அவர் வீட்டாரிடமிருந்து மாற்கு எழுதிய நற்செய்தியின் சாவகப் படியொன்று மிடா என்னும் மதுரா தீவினர் ஒருவர் கைக்குக் கிட்டியது. பொருள் விளங்காமையால் அவர் அதனை வியூங் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாக் தாசிமாவிடம் கொடுத்தார். தாசிமாவும் நண்பரும் கூடியிருந்து அதனைப் பன்முறை படித்தனர். பின்னர், அந்நூலில் கண்ட செய்திகள் ஙோரோவில் ஓதப்படுவதாகக் கேள்வியுற்று அங்குச் சென்று கூலனைக் கண்டனர். இறுதியில் எம்டே குழுவினரோடு தொடர்பு உண்டாகி, 1843 டிசம்பர் 12ஆம் நாள் சுராபாயாவில் அவ்வூரார் 35 பேர் திருமுழுக்குப் பெற்றனர். போதகர் எவரும் வருமுன்னரே ஓர் அச்சுப்படி ஊர் கடந்து சென்று தன் வாசகரைத் தேடிக்கொண்ட செய்தி, எழுத்தறிவிக்கும் நம்மனோர் நினைவில் இருத்தற்பாலது.

ஆனால் எம்டேயின் நெறியில் ஒரு பெருங்குறை இருந்தது. கிறித்தவரானோர் கூந்தலைக் கத்தரித்துக் கால்சட்டை அணிதல் வேண்டும். கூத்தையும் காமெலானையும் விட்டொழித்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இத்தகையோரை அயலார் ‘லண்டோ வுருங், ஜாவா தாங்குங்’ என்று எள்ளினர். ஒல்லாந்தராகவும் ஆகவில்லை, சாவகராகவும் நிறைவுபெறவில்லை என்பது அதன் பொருள்.

கூலன் பண்பாட்டைக் காத்தார். ஆனால் குடிகளின் விருப்பத்தைக் காத்தாரல்லர். திருமுழுக்குப் பெற்றவர்களை அவர் தம் ஊரினின்று வெளியேற்றினார். எம்டே திருமுழுக்கை அளித்தார். ஆனால் பண்பாட்டைப் பறித்தார். இவ்விரு நெறிகளுக்கும் இடையே மூன்றாவது வழியொன்றைக் கண்டவர்கள் சாவகரே ஆவர். ஙோரோவை விட்டு வந்தோர், அபிசாய் திதொத்ருனோ என்பார் தலைமையில் வேறொரு காட்டை அழித்து மொஜோவார்னோ என்னும் ஊரை அமைத்தனர். இசுலாமியச் சமயப் பள்ளியாகிய பெசந்திரனில் முன்னர்ப் பயின்ற பவுலுஸ் தோசாரி, அவ்வூர்ச் சபைக்கு வழிகாட்டியானார். தம் சமயக் கருத்துகளை அவர் தெம்பாங் என்னும் சாவகச் செய்யுள் வகையில் பாடினார்.

1851இல் அவ்வூரில் வந்து தங்கிய ஒல்லாந்தப் போதகர் யெல்லெஸ்மா, தோசாரியை ஏவலாளாகக் கருதாது துணைவராகக் கொண்டார். தம் வீட்டருகே பள்ளி நடத்திச் சாவக இளைஞர்களை உபதேசியார்களாகவும் ஆசிரியர்களாகவும் பயிற்றினார். 1858இல் அவர் மறைந்த பின்னும் பணி தளரவில்லை. பயிற்சி பெற்றோர் பல ஊர்களில் இருந்தனர். 1881இல் மொஜோவார்னோவில் பெரிய கோயில் எழுந்தது. 1894இல் மருத்துவமனையும் அமைந்தது.

நடுச் சாவகத்தில் இவ்வியக்கம் இன்னும் துணிவோடு நடந்தது. 1867இல் பத்தாவியாவில் திருமுழுக்குப் பெற்ற சாத்ராக் என்பார், கராங்ஜோசோ என்னும் ஊரைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். அவர் கோயில், அந்நாட்டுப் பள்ளிவாசலைப் போல அடுக்குக் கூரை உடையது. அதன் பெயரும் மசூதியே. தம் கூட்டத்தாரைச் ‘சுதந்தரக் கிறித்தவர்’ என்று அவர் வழங்கினார். 1882இல் அரசு அவரைச் சிலகாலம் காவலில் வைத்தது. 1891இல் ஒல்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி, அவர் போதனை தூயதன்று என்று கூறிப் போதகர் சங்கத்தின் உறவை முறித்தார். ஆயினும் அவரைப் பின்பற்றிய ஏறத்தாழ 7000 பேருள் மிகப் பலர் அவருடனே நின்றனர். வெள்ளைப் போதகர் பக்கம் எஞ்சியோர் மிகச் சிலரே.

1931 டிசம்பர் 11ஆம் நாள் கிழக்குச் சாவகத் திருச்சபை தன்னாட்சி பெற்றது. இதற்குப் பிற்பட்ட வளர்ச்சி முழுவதும் போதனையின் பயன் என்று கூறுதல் பொருந்தாது. 1965ஆம் ஆண்டின் கொடிய நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், சமயம் இல்லாதவர் என்ற பெயரே உயிருக்கு ஊறாக முடிந்தது. அக்காலத்தில் சபைகளில் சேர்ந்த பல இலட்சம் மக்களுள் அச்சத்தால் வந்தோரும் இருந்தனர். வரலாறு எழுதுவோர் எண்ணிக்கையை மட்டும் காட்டி, அதன் காரணத்தை மறைத்தல் கூடாது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? சாவகர் ஒரு புதிய சமயத்தை ஏற்றபோதும் தம் மொழியையும் பாட்டையும் கைவிட விரும்பினாரல்லர். விடுமாறு கட்டாயப்படுத்திய இடத்தில் அவர்கள் தம்மூரிலேயே அயலாராயினர். தாமே வழி கண்ட இடத்தில் சபை தழைத்தது. மொஜோவார்னோவில் ஆண்டுதோறும் அறுவடை விழாவில் உழவர்கள் தம் விளைபொருளைக் கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்து படைக்கின்றனர். அங்கே ஒலிப்பது சாவக மொழி. கற்பிப்பவர் எத்துணைப் பெரிய உண்மையைக் கொணர்ந்தாலும், கேட்போர் அதனைத் தம் மொழியில் சொல்லிப் பார்க்கும் நாளிலேதான் அது அவர்களுக்கு உரியதாகின்றது. கோயிலுக்கு மட்டுமன்று, பள்ளிக்கூடத்திற்கும் இது பொருந்தும்.