குன்னூர்க் கூடமும் கோவை மனையியலும்: ஊட்டச்சத்து முதுநிலைப் படிப்பு வந்த இரு வழிகள்

கோலார் தங்கவயலுக்கு அருகிலுள்ள பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊராக வரலாற்றில் இடம்பெற்றது. மனித ஊட்டச்சத்து பயில்வோருக்கு இந்த வட்டாரம் வேறு காரணத்தால் முக்கியமானது. வயலில் மானாவாரிக் கேழ்வரகு விளைகிறது. மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு மிகுதி. இவ்விரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் எலும்புக்கு என்ன ஆகும் என்று ஆராய, ஆய்வுக்கூடமும் தெரிய வேண்டும், அடுப்படியும் தெரிய வேண்டும். தென்னிந்தியாவில் இவை தனித்தனிப் படிப்புகளாக வளர்ந்ததுதான் நம் குறை என்பது என் கருத்து.

முதல் வழி மருத்துவர்கள் போட்டது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார் ராபர்ட் மெக்காரிசன். பின்னர் எலிகளைப் பிரித்து, சீக்கியர், மராட்டியர், கன்னடர், வங்காளிகள், மதராசிகள் என ஒவ்வொரு மக்களின் உணவையும் ஒவ்வொரு பிரிவுக்குக் கொடுத்து வளர்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய உணவு எலிகள் செழித்தன. அரிசியையே நம்பிய எலிகள் பின்தங்கின. 1935இல் குன்னூர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். ஆந்திரக் கடற்கரையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களைப் பெரிபெரி வாட்டியபோது புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். நம் வீட்டுப் பழக்கமொன்றுக்கு அறிவியல் விளக்கம் கிடைத்த அரிய இடம் இது. குன்னூர் ஆய்வுக்கூடம் 1950களின் இறுதியில் ஹைதராபாத்துக்கு மாறியது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் இயக்குநராக இருந்தபோது, 1969இல், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இரண்டாம் வழி பெண்கள் கல்லூரிகளில் மனையியலாகத் தொடங்கியது. கோவையில் அவிநாசிலிங்கம் செட்டியார் 1957இல் மனையியல் கல்லூரி நிறுவினார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ் அதை முதுநிலைப் படிப்பும் ஆராய்ச்சியும் நடக்கும் இடமாக வளர்த்தார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மனையியலைச் சமையல் வகுப்பு என்று ஒதுக்கியவர்கள், அங்கிருந்து புறப்பட்ட மாணவியர் கிராமக் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் வீடுவீடாக அளந்ததைக் கவனிக்கவில்லை.

அந்தக் களப்பயிற்சி எளிதல்ல. முந்தைய நாள் சாப்பிட்டதைக் கேட்டு எழுதும் முறையில், "ஒரு உருண்டை களியும் கீரைச் சாறும்" என்று வீட்டம்மா சொன்னால் கணக்கு முடிந்துவிடாது. அட்டவணை எண்கள் வேகாத மாவுக்கு உரியவை. எத்தனை பேருக்கு எவ்வளவு மாவு கொட்டினார், அதில் உருண்டை எத்தனை வந்தது, மிஞ்சியதை யார் தின்றார் என்று கேட்க வேண்டும். அவர் காட்டும் படியையும் கரண்டியையும் அளந்து பார்க்க வேண்டும். கடைசியில் சாப்பிட்ட தாயின் பங்கு விடுபட்டுப் போவது இந்தக் கணக்கில்தான்.

2017இல் ஹைதராபாத் நிறுவனம் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய பச்சரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. அதே நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், புளோரைடு மிகுந்த பகுதி இளைஞரின் முழங்கால்கள் உள்நோக்கி வளைவதையும் எலும்பு வலுவிழப்பதையும் 1973இல் எழுதினர். கால்சியம் குறைந்த உணவு இத்தகைய பாதிப்பைக் கூட்டும். கேழ்வரகில் கால்சியத்தைப் பிணைத்துவைக்கும் பைட்டேட்டும் உண்டு. முளைகட்டினால் அது குறையும். ஆகவே பூதிகோட்டைப் பக்கத்தில் முதுநிலை ஆய்வு செய்ய வரும் மாணவி கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும், களிக்கு மாவு எப்படி ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியாய விலைக்கடை அரிசி வந்தபின் வாரத்தில் எத்தனை வேளை களி கிண்டுகிறார்கள் என்ற கேள்வியை அவள் முதலில் கேட்கட்டும்.