கலப்பற்று முதல் உதிர்பூச்சு வரை: கப்பலடிக் காப்பின் வரலாறும் பெயரிடும் சிக்கலும்

1. முன்னுரை

கடலில் கிடக்கும் எப்பொருளும் நெடுநாள் வெறுமையாய் இருப்பதில்லை. நீரில் இறங்கிய சில மணி நேரத்திலேயே அதன்மேல் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான படலமாகப் படியத் தொடங்குகின்றன. அதனைத் தொடர்ந்து பாசியும், கொட்டலசு, மட்டி, குழாய்ப்புழு முதலியனவும் பற்றிக்கொள்கின்றன. இவ்வாறு அடிப்புறம் சொரசொரப்பான கப்பல் முன்னைய வேகத்தில் செல்ல மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. போர்க்கப்பல் வகையொன்றை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளியான கணக்கீடு, சுண்ணாம்பு ஓடுடைய உயிரிகள் அடர்ந்து படிந்த நிலையில் இக்கூடுதல் 86 விழுக்காடு வரை உயரக்கூடும் எனக் காட்டியது.

இப்படிவைத் தடுக்கும் பூச்சினை ஆங்கிலத்தில் 'ஆன்டிபௌலிங்' என்பர். 'பௌல்' என்னும் சொல்லுக்கு அழுக்கு என்பது பொதுப்பொருள். அதனையொட்டி 'மாசுத் தடுப்புப் பூச்சு' எனப் பெயர்த்தால், கடலையே மாசுபடுத்தியமைக்காகத் தடைசெய்யப்பட்ட ஒரு பூச்சு தமிழில் மாசினைத் தடுப்பதாகிவிடும். இத்தகைய முரண்கள் எங்ஙனம் எழுகின்றன என்பதைக் கப்பலடிக் காப்பின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கலப்பற்றும் கீலும்

மரக்கலத்தின் பலகைச் சந்துகளில் நாரும் பஞ்சும் திணித்து, அவற்றின்மேல் எண்ணெயும் பிசினும் கலந்த பொருளைப் பூசி நீர் புகாமல் அடைக்கும் தொழில் தமிழில் கலப்பற்று, கலப்பத்து என இரு வடிவங்களில் வழங்கும். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பெறும் பூச்சு கீல் எனப்பட்டது. மீனெண்ணெயும் சுறா எண்ணெயும் கலங்களின் மேற்பூச்சாகப் பயன்பட்டன.

கலப்பற்று என்பது தமிழ்த் தோற்றம் கொண்டிருப்பினும், போர்த்துக்கேசிய மொழியில் இத்தொழில் செய்வோனைக் குறிக்கும் 'கலபாத்தே' என்னும் சொல்லோடு அதற்குள்ள ஒப்புமை வெளிப்படை. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இந்துஸ்தானியிலும் வங்காளத்திலும் வழங்கிய 'கலாபத்தி' என்னும் சொல்லைப் போர்த்துக்கேசிய வழி வந்ததாகக் கொள்கிறது. போர்த்துக்கேசியச் சொல்லின் மூலம் அரபியா இலத்தீனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், ஊக்ளி ஆற்றங்கரையில் கப்பல் கட்டிய தொழிலாளியும் சோழமண்டலக் கரையில் தோணி செப்பனிட்ட தொழிலாளியும் ஒரே சொல்லின் இரு வடிவங்களை ஆண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ் வடிவத்தின் ஈறு மேலும் நோக்கத்தக்கது. கலம் என்பது மரக்கலத்தையும், பற்று என்பது பூசப்பட்டு ஒட்டி நிற்பதையும் குறிக்கும். வந்த சொல்லைத் தமிழ்ச் செவி 'கலத்தின் பற்று' எனப் பிரித்துணர்ந்து றகர வடிவத்தை அமைத்துக்கொண்டது எனக் கருத இடமுண்டு. கலப்பற்றின் முதல் நோக்கம் நீர்க்கசிவைத் தடுப்பதாகும். மேற்பூச்சுகளோ மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவையும் ஓரளவு தடுத்தன. சீனத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த வணிகக் கப்பல்களில் சுண்ணாம்பும் நறுக்கிய சணலும் மர எண்ணெயும் குழைத்துப் பூசப்பட்டதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்டுள்ளார்.

ஒட்டும் உயிரிகளைப் பொறுத்தவரை, பழைய தீர்வு பூச்சினும் பழக்கத்திலேயே மிகுதியாக அமைந்திருந்தது. கட்டுமரம் அன்றாடம் கரையேற்றப்பட்டு வெயிலில் காய்ந்தது. அதில் எதுவும் நிலைத்து வளர வாய்ப்பில்லை. பெருங்கலங்களைக் கரையில் சாய்த்துச் சுரண்டினர். கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே ஆற்றுத் துறைமுகமாக அமைந்த கல்கத்தாவில் நன்னீரே ஒரு துணையாயிற்று. கடல்நீரில் வாழும் கொட்டலசு நன்னீரில் நெடுநாள் தாங்குவதில்லை.

3. செம்புத் தகடும் டேவியின் பாடமும்

பிரித்தானியக் கடற்படை 1761-இல் 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்புறத்தில் செம்புத் தகடு வேய்ந்து ஆய்ந்தது. புழுவும் பாசியும் அணுகவில்லை. ஆயினும் செம்பை அடுத்த இரும்பாணிகள் அரிக்கப்பட்டன. இக்குறையைக் களையும் முயற்சிகளுக்குப் பின், 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செம்பு வேய்தல் கடற்படை முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது.

செம்பும் கடல்நீரில் சிறிது சிறிதாகக் கரைந்தது. அதனைத் தடுக்க முற்பட்ட ஹம்ப்ரி டேவி, செம்போடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தால் செம்பு கரையாது என்பதை 1824-இல் நிறுவினார். ஆய்வு வென்றது, பயன்பாடு தோற்றது. கரையாத செம்பின்மேல் பாசியும் கொட்டலசும் செழித்து வளர்ந்தன. செம்பின் அழிவே கப்பலின் காப்பு என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளின் பூச்சுகள் பெரும்பாலும் இவ்வுண்மையின் விரிவே எனலாம். அவை கப்பலைக் காத்தது தம்மிடமிருந்த நஞ்சை நீரில் விட்டதனால்தான்.

4. நஞ்சின் காலம்

இரும்புக் கப்பலில் செம்புத் தகட்டை நேரே வேய்ந்தால் இரும்பு அரிக்கப்படும். ஆகவே 19-ஆம் நூற்றாண்டில் செம்பு, ஆர்சனிக், பாதரசம் ஆகியவற்றின் சேர்மங்களைக் கலந்த வண்ணப்பூச்சுகள் தோன்றின. 1960-களில் டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் வந்தது. 1970-களில் இது, கப்பல் ஓடும்போது மேற்புறம் சீராகத் தேய்ந்து புதுநஞ்சை வெளிப்படுத்தும் பூச்சாக வளர்ந்தது. பல ஆண்டுகள் மறுபூச்சு வேண்டாத இதனைக் கப்பலுரிமையாளர் பெரிதும் விரும்பினர்.

அதன் விலையைக் கொடுத்தவை வேறு உயிர்கள். பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் 1970-களின் பிற்பகுதியில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடுகள் தடித்துத் திரிந்தன, இனப்பெருக்கமும் குன்றியது. கடல் நத்தைகளில் பெண்ணுயிரிகளுக்கு ஆணுறுப்பு தோன்றியமை பல நாடுகளில் கண்டறியப்பட்டது. பிரான்சு 1982-இல் சிறுகலங்களுக்கு இப்பூச்சைத் தடைசெய்தது. 2001-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை 2008 செப்டம்பர் 17-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2014-இல், 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் இதற்கெனத் தனிப்பகுதியைச் சேர்த்தது. வெள்ளீயத்தின் இடத்தைப் பெரிதும் செம்பு ஆக்சைடும் துணைக்கொல்லிகளும் நிரப்பின. அத்துணைக்கொல்லிகளுள் ஒன்றான சைபியூட்ரினும் 2023 சனவரி முதல் உடன்படிக்கையின் தடைக்குள் வந்தது. நேற்றைய மாற்று இன்றைய தடைப்பொருளாதல் இவ்வரலாற்றில் புதிதன்று.

5. உதிர்பூச்சும் காக்கா ஆழியும்

கொல்லாமல் காக்கும் முயற்சியில் முதன்மையானது சிலிகோன் பூச்சு. 1990-களில் வணிக அளவில் பரவத் தொடங்கிய இது நஞ்சு எதனையும் வெளிவிடாமலே செயற்படவல்லது. இதன்மேல் உயிரிகள் உறுதியாகப் பற்ற இயலாது. கப்பல் ஓடும்போது நீரின் விசையே அவற்றை உதிர்த்துவிடும். ஆயின் துறைமுகத்தில் நெடுநாள் நிற்கும் கப்பலிலும், மெல்லச் செல்லும் படகிலும் இது போதிய பயன் தருவதில்லை.

உயிரிகள் ஒட்டிப் பயணம் செய்வதன் விளைவைத் தமிழகக் கடற்கரை அறிந்துள்ளது. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டு ஏரியிலும் பரவிய தென்அமெரிக்க மட்டி ஒன்று அடித்தரையைப் பாய்போல் மூடி, மஞ்சள் மட்டி, இறால் ஆகியவற்றை நம்பி வாழும் மீனவரின் பிழைப்பைக் கெடுத்துள்ளது. இது கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியோ, கப்பல்கள் நிலைப்பாட்டுக்காகச் சுமந்துவரும் நீரிலோ வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. மீனவர் இதற்கு இட்ட பெயர் 'காக்கா ஆழி'. அறிவியற் பெயர் ஊருக்குள் வருமுன்பே மக்கள் பெயர் பிறந்துவிட்டது. எனவே நஞ்சு கலவாமை மட்டுமே ஒரு பூச்சினைச் சூழலுக்கு இசைந்ததாக ஆக்கிவிடாது. படிவைத் தடுக்கத் தவறும் பூச்சு எரிபொருளையும் வீணாக்கும். அயலுயிரிகளையும் சுமந்து வரும்.

6. பெயரிடல்

மேற்கண்ட வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கு மூன்று செய்திகளைத் தருகிறது.

முதலாவது, தடுக்கப்படுவது மாசு அன்று, உயிர்ப்படிவு. ஆகவே 'உயிர்ப்படிவுத் தடுப்புப் பூச்சு' என்பதே பொதுப்பெயராதல் தகும்.

இரண்டாவது, வகைப்பெயர்கள் செயல்முறையைச் சுட்டவேண்டும். நஞ்சை வெளிவிடுவதை 'நஞ்சுமிழ் பூச்சு' என்றும், தேய்ந்து செயற்படுவதைத் 'தேய்பூச்சு' என்றும், சிலிகோன் வகையை 'உதிர்பூச்சு' என்றும் கூறலாம். கடைசியதை 'ஒட்டாப் பூச்சு' எனல் பொருந்தாது. உயிரிகள் அதன்மேல் ஒட்டவே செய்கின்றன, ஓட்டத்தில் உதிர்கின்றன. 'ஒட்டாது' என நம்பிப் படகை மாதக்கணக்கில் கட்டிவைப்பவர் ஏமாற நேரிடும்.

மூன்றாவது, 'உயிர்க்கொல்லி கலவாதது' என்பதை 'நச்சற்றது' எனப் பெயர்த்தலாகாது. முன்னது கடலில் எதனையும் கொல்வதற்கெனச் சேர்க்கவில்லை என்பதை மட்டுமே கூறுகிறது. பூசும்போது எழும் ஆவியைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. கப்பல் செப்பனிடும் உலர்துறையில் தமிழ்க் குறிப்பைப் படித்து முகமூடியைக் கழற்றிவைக்கும் தொழிலாளிக்கு இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி மட்டுமன்று.

7. முடிவுரை

'சூழலுக்கு இசைந்தது' என்பது ஒரு பொருளின் பண்பைக் கூறுவது போன்று தோன்றினும், உண்மையில் அது ஒரு காலத்தின் தீர்ப்பாகும். அறிவு வளருந்தோறும் அத்தீர்ப்பும் மாறும். செயல்முறையைச் சுட்டும் பெயரோ தீர்ப்பு மாறிய பின்னும் பிழையாவதில்லை. செய்யும் தொழிலைக் கண்முன் காட்டிய கலப்பற்று, மரக்கலங்கள் அருகிய பின்னும் அகராதியில் பொருள் மயங்காது நிற்கின்றது. புதிய பூச்சுகளுக்குத் தமிழில் பெயரிடுவோர் அச்சொல்லை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.