எதிர் நாற்காலி

ராத்திரி எட்டரை மணி. வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அடுப்புக்கு லீவு. தெருமுனை ஓட்டலுக்குக் கிளம்புகிறீர்கள். பெரிய ஓட்டல் இல்லை. எட்டு மேஜை, சுவரில் ஒரு முருகன், உங்களைப் பார்த்ததும் தலையாட்டும் முதலாளி. நீங்கள் கேட்காமலே சர்வர், 'ஒரு ரோஸ்ட்' என்று உள்ளே குரல் கொடுக்கிறார். அப்போது முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து, 'சார், இங்க ஆள் வர்றாங்களா?' என்கிறார். 'இல்ல, உட்காருங்க' என்று சட்னிக் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறீர்கள். அவ்வளவுதான்.

அந்த 'உட்காருங்க'வுக்கு என்ன வயசு தெரியுமா? உங்கள் தாத்தாவைவிடச் சின்னது.

தின்பண்டம் விற்பது நம் ஊரில் புதுசில்லை. பூம்புகார் கடைத்தெருவில் அப்பம் விற்ற கூவியரைச் சிலப்பதிகாரமே காட்டுகிறது. ஆனால் சோறு? அதை விலைக்கு விற்பதைப் பாவம் என்று நினைத்த ஊர் இது. வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களை என் கையைவிட்டுப் பறித்துவிடாதீர்கள் என்பதுதான் சாரம். பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் அங்கே சோறு உண்டு என்கிறார். நடுராத்திரி மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூப்பிடுவார்களாம். படிக்கும்போதே நெஞ்சு நிறைகிறது. அதே கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமானும் தனியாகக் கொடுப்பார்கள். அதாவது, பசி பொது. அடுப்பு பொது இல்லை.

பட்டணம் பெருத்தபோதுதான் சிக்கல் வந்தது. ஆபீஸ் குமாஸ்தா, கோர்ட்டுக்கு வந்த கட்சிக்காரர், ரூம் எடுத்துப் படிக்கும் பையன் என்று வீட்டுச் சாப்பாடு இல்லாத ஆண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். காபி கிளப்புகள் முளைத்தன. தென் கன்னடத்திலிருந்து வந்து, சமையல்கட்டில் எடுபிடியாக ஆரம்பித்த கிருஷ்ணா ராவ், 1927-ல் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸைத் திறந்தார். 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ். மெட்ராஸுக்கு வெளியே சாப்பிடும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவருக்குப் பெரிய இடம் உண்டு.

ஆனால் அந்தக் காலத்துக் காபி கிளப்புகள் பலவற்றில் நீங்கள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தடுப்புதான். பிராமணர்களுக்கு ஒரு பகுதி, மற்றவர்களுக்கு இன்னொரு பகுதி. தாழ்த்தப்பட்டவர்களுக்கு? வாசலோடு சரி. இன்னின்னார் வரக்கூடாது என்று பலகையே மாட்டி வைத்த கடைகளும் இருந்தன.

நான் படித்தது பி.காம். அதனால் எனக்கு இதில் ஒரு கணக்கு உதைக்கிறது. எட்டு மேஜையை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் கூட்டம் நெரியும், மறுபக்கம் ஈ ஓட்டும். அந்தக் காலி மேஜைக்கும் சேர்த்துத்தானே வாடகை? எல்லோருடைய காசும் கல்லாவில் ஒரே சத்தம்தானே போடும்? வியாபாரி ஏன் இந்த நஷ்டத்தைச் சுமந்தான்?

நஷ்டமாக அவன் நினைக்கவில்லை. அங்கே விற்றது இட்லி மட்டும் இல்லை. 'இதை யார் சமைத்தது, பக்கத்தில் யார் உட்காரவில்லை' என்கிற உத்தரவாதமும் சேர்த்துத்தான் பில். பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற வார்த்தை, இன்றைக்கு நாம் பிராண்ட் என்கிறோமே, அதுதான். வியாபாரம் வளர்ந்தால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். கரையவில்லை. தடுப்பை வைத்தே நன்றாக வியாபாரம் நடந்தது.

ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையிலும் இதே கதை. டிக்கெட் விலை ஒன்று, சாப்பிடும் இடம் வேறு. சுயமரியாதை இயக்கம் வருஷக்கணக்கில் கத்திய பிறகு 1941-ல்தான் அது ஒழிந்தது.

(அசைவத்துக்கு வேறு வரலாறு. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் 1930-களில் தொடங்கிய முனியாண்டி விலாஸ்களின் பலகையில் இருந்தது சாதி இல்லை, சாமி. அன்றைய முதல் வாடிக்கையாளர் தரும் காசைச் சாமிக்கு எடுத்து வைப்பார்கள். அந்தக் காசில் தை மாதம் ஊரில் பிரியாணித் திருவிழா. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.)

அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு ஓட்டலின் அருமை தெரிந்திருந்தது. 15(2)-ம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சாதி, மதம், பால், பிறந்த இடம் எதையும் காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாத இடங்களின் பட்டியல் அது. கிணறு, குளம், படித்துறை, சாலை. அவற்றோடு கடைகளும் பொது உணவகங்களும்! 'கடை என்றால் எது?' என்று அரசியல் நிர்ணய சபையில் கேள்வி வந்தபோது, கேட்டு வருகிற எவருக்கும் சேவை தரத் தயாராக இருக்கிற இடமெல்லாம் கடைதான் என்று அர்த்தத்தை அகலமாக்கினார் அம்பேத்கர். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. ஓட்டலுக்குள் விடமாட்டேன் என்றால் தண்டனை.

சரி, எல்லோரும் உள்ளே வந்தாச்சு. அப்புறம் என்ன?

பலகை. 1957 மே மாதம், திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் மறியலுக்கு நின்றார்கள். 'பிராமணாள்' என்ற வார்த்தையை எடு என்பதுதான் கோரிக்கை. உள்ளே யார் வேண்டுமானாலும் சாப்பிடலாமே, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. ஒருத்தன் தன்னை உயர்ந்தவன் என்று எழுதி மாட்டினால், படித்துக்கொண்டு உள்ளே போகிற மற்றவன் யார் என்பது பெரியாரின் வாதம். முதல் கேள்வி எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். மாதக்கணக்கில் தினமும் ஆட்கள் போய் நின்றார்கள், கைதானார்கள், அடுத்த நாள் வேறு ஆட்கள். கடைசியில் வார்த்தை போனது. 2012-ல் ஸ்ரீரங்கத்தில் அது மறுபடி ஒரு பலகையில் தலைகாட்ட, மறுபடி போராட்டம்.

ஓட்டலில் முடிந்த சண்டை டீக்கடையில் முடியவில்லை. ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். சட்டம் நெருக்கியபோது சில ஊர்க் கடைக்காரர்கள் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். தனிக் குவளையை எடுத்துவிட்டு, அதே ஆட்களுக்குக் குடித்ததும் தூக்கிப் போடுகிற கப்பில் டீ கொடுத்தார்கள். கேட்டால், 'சுத்தம் சார்' என்பார்கள். கண்ணாடி டம்ளர் என்னமோ பக்கத்திலேயே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும், வழக்கமான ஆட்களுக்காக.