ஆண் கை படாத பிரசவம்

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய சானடோரியம். அது காசநோய்க்கு. பிள்ளைப்பேறு அந்நாளில் வீட்டோடு, மருத்துவச்சியின் கையோடு முடிந்துவிடும், சிக்கலானால் எழும்பூர். 1931-ல் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் எழும்பூர் ஒரே வண்டியில் எட்டும் தூரமாயிற்று.

எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியோ ரயிலுக்கு வெகுகாலம் மூத்தது. 1844-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷா முறையில் இருந்த பெண்கள் அதன் படியேறவில்லை. டாக்டர்கள் ஆண்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டை, சென்னையில் வக்கீலாக இருந்த கணவர் வழியாகக் கேள்விப்பட்டார் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண். முதலில் இதே ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றார். 1875-ல் வேறு மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். லண்டனில் மேற்படிப்பையும் முடித்துத் திரும்பி, 1885-ல் பெண்களுக்கென்றே மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கி நிற்கும் அதை ஊர் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறது.

தாம்பரத்துக்குத் தெற்கே, அதே ரயில் பாதையில் உள்ள திண்டிவனத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 1890-களின் தொடக்கத்தில் ஒரே இரவில் மூன்று பிரசவ வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. தெரிந்த அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு மூன்று வீட்டாரும் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். பின்னாளில் ஐடாவே டாக்டராகித் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதை அந்த இரவில் தொடங்குகிறது.

தமிழில் நூல் இல்லாமல் போனதால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் டாக்டர் சாமுவேல் கிறீன் 1857-லேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழில் கொண்டுவந்தார். ஆனால் அவரிடம் படித்துத் தேறியவர்கள் ஆண்கள். அங்கே இணுவிலில் பெண்களுக்கான மக்லியட் மருத்துவமனை வர 1898 ஆயிற்று.

பிள்ளை பிறந்த பிறகு டாக்டர் பேச்சு வீட்டில் எடுபட்டதா என்பது வேறு கதை. சீம்பால் ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டுவார்கள். குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பார்கள். குளிப்பாட்டிய கையோடு, பாட்டி உரைகல்லை எடுத்து வைத்துக்கொண்டு ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, சுட்ட வசம்பு ஒவ்வொன்றையும் தாய்ப்பால் விட்டு இரண்டு சுற்று இழைத்துச் சங்கில் வழிப்பாள். பிறகு பால்பவுடர் டின் வந்தது, கூடவே புட்டியும். டின்னில் சிரித்த கொழுகொழு குழந்தைப் படத்துக்குத் தடை போட 1992-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

கழுதைப்பால் வியாபாரமோ இன்னும் நிற்கவில்லை. காய்ச்சாத பால் கைக்குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர்கள் எச்சரித்தும், புறநகர்த் தெருக்களில் கழுதையை ஓட்டி வந்து வாசலிலேயே கறந்து சங்குக் கணக்கில் விற்கிறார்கள்.